சிந்தனைக் குழாம்

அரசின் கொள்கைகளை ஆராய்ந்து யோசனை தரும் நிறுவனத்துக்குத் தமிழ் இதழ்கள் வழங்கும் பெயர். குழாம் என்றால் கூட்டம். அடியார் குழாம், மாணவர் குழாம் என்பதுபோல. இதன் ஆங்கில மூலமான 'திங்க் டேங்க்' 19ஆம் நூற்றாண்டில் மனிதத் தலையைக் குறித்த கொச்சை வழக்கு. இன்றைய பொருள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ராண்ட் போன்ற அமெரிக்க நிறுவனங்களை ஒட்டிப் பரவியது.

பெயரைவிடச் செயல் மூத்தது. 1916இல் வாஷிங்டனில் தொடங்கி, பின்னர் புரூக்கிங்ஸ் ஆன ஆய்வு நிறுவனம், 1921ஆம் ஆண்டின் அமெரிக்க வரவுசெலவுச் சட்டம் உருவாகத் துணைநின்றது.

இவற்றின் பலம் அறிவில் மட்டும் இல்லை, நேரம் அறிந்து நீட்டுவதிலும் இருக்கிறது. புதிதாகப் பதவியேற்ற அமைச்சருக்கு ஆற அமர ஆராய அவகாசம் ஏது? ஆயத்தமாக இருக்கும் வரைவே கைக்கு வரும். அமெரிக்காவில் ரீகன் 1981இல் அதிபரானபோது ஹெரிடேஜ் அறக்கட்டளை என்ற சிந்தனைக் குழாம் ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய பரிந்துரைத் தொகுப்பை அளித்தது. அதை எழுதியவர்களில் சிலர் அந்த ஆட்சியிலேயே பதவியும் பெற்றனர். ஆகவே, ஆய்வுக்குப் பணம் தந்தவர் யார் என்று கேட்பது வாக்காளரின் உரிமை என்றே கருதுகிறேன்.

இந்திய அரசு 2015இல் தானே அமைத்த நிதி ஆயோக்கும் இப்பெயரால் சுட்டப்படுகிறது. ஆனால், சென்னையில் 1971இல் மால்கம் ஆதிசேஷய்யா நிறுவிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 'ஆய்வு நிறுவனம்' என்பதே பொருத்தம்.