சப்பாத்துக்குள் ஓடும் இயந்திரம்: போர் வளர்த்த தொழிலும் அது மறந்த கால்களும்

கடந்த மாதம் மகளின் பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்குப் போவதற்காக ஒரு சோடி சப்பாத்து வாங்கினேன். வலது காலுக்கு அது சரியாக இருந்தது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே எனக்கு இருப்பது செயற்கைக்கால். 2009 சித்திரையில் வலைஞர்மடத்தில் விழுந்த எறிகணை ஒன்று பழைய காலைக் கொண்டுபோனது. புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றதும் யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல முழங்கால் முன்னுக்கு மடிந்தது. படியிறங்கும்போது விழப் பார்த்தேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கும் ஐயா ஒருவர் இருக்கிறார். பழைய சப்பாத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இதின்ர குதி பழசைவிட உயரம். நல்ல கால் எண்டால் தானா வளைஞ்சு குடுக்கும். இந்தக் கால் குடுக்காது."

இரண்டு குதிகளையும் அளவாகச் சீவித் தந்தார். அவர் சீவிக்கொண்டிருக்கும்போது, இதைத் தொழிற்சாலையில் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டேன். "எல்லாம் அச்சுக்கட்டையிலதான் இருக்கு" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தேடிப் படித்ததன் விளைவுதான் இக்கட்டுரை. ஒரு சோடி சப்பாத்துக்குள் இவ்வளவு போரும், இவ்வளவு உழைப்பும், இவ்வளவு அநீதியும் இருக்குமென்று நான் நினைத்திருக்கவில்லை.

கையால் செய்த காலம்

தோற்சப்பாத்து ஒன்று உருவாவதில் ஐந்து படிகள் உண்டு. முதலில் தோலை வெட்டுவார்கள். வெட்டிய துண்டுகளைத் தைத்து மேற்பாகத்தை உருவாக்குவார்கள். அதைக் கால் வடிவிலான அச்சுக்கட்டைமேல் போட்டு இழுத்து இறுக்குவார்கள். பிறகு அடித்தோலைப் பொருத்துவார்கள். கடைசியாகக் குதி வைத்து மெருகிடுவார்கள். பல நூற்றாண்டுகளாக இவை அனைத்தையும் மனிதக் கைகளே செய்தன. குத்தூசி, மெழுகு பூசிய நூல், சுத்தியல், குறடு, மடிமேல் ஒரு கல் ஆகியவைதான் கருவிகள்.

அக்காலத்தில் பலருடைய சப்பாத்துகளில் இடது, வலது என்ற வேறுபாடே இருக்கவில்லை. இரண்டு காலுக்கும் ஒரே நேரான வடிவம். போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் காலே அதைத் தன் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு விதமான அச்சுக்கட்டைகளைக் கையால் செதுக்குவது செலவான வேலை என்பது அதற்கு ஒரு காரணம்.

ஊனமுற்ற படையினர் இயக்கிய முதல் இயந்திரங்கள்

1809இல் ஸ்பெயினின் கொருன்னாவில் நெப்போலியனின் படையிடமிருந்து பின்வாங்கிய பிரித்தானியப் படையினர் ஊர் திரும்பினார்கள். பலருடைய கால்களில் சப்பாத்துக்குப் பதிலாகக் கந்தைத் துணிதான் சுற்றப்பட்டிருந்தது. அந்தக் காட்சி மார்க் இசம்பார்ட் புறுணெல் என்ற பொறியியலாளரை உலுக்கியது. பிரான்சில் பிறந்து, புரட்சிக்காலத்தில் தப்பியோடி, இங்கிலாந்தில் தங்கியவர் அவர். அவரும் ஓர் அகதிதான்.

1810இல் சப்பாத்துச் செய்யும் இயந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்ற அவர், லண்டனின் பற்றர்சீயில் தொழிற்சாலை அமைத்தார். அடித்தோலைத் தைப்பதற்குப் பதிலாக உலோக ஆணிகளால் பிணைத்தன அந்த இயந்திரங்கள். தொழிலைப் பல சிறு படிகளாக உடைத்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு கருவி வைத்தார். ஆகவே வேலையாளுக்கு நீண்டகாலப் பயிற்சி தேவைப்படவில்லை. வேலைக்கு அவர் எடுத்தது போரில் காயமடைந்து படையிலிருந்து விலக்கப்பட்ட ஊனமுற்றவர்களை. இருபத்து நான்கு பேரளவில் சேர்ந்து ஒரு நாளைக்கு 400 சோடிவரை செய்தார்கள்.

இதை வாசித்தபோது சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டேன். சப்பாத்துத் தொழிலை இயந்திரமாக்கிய முதல் முயற்சிகளில் ஒன்று, போரில் உடல் சிதைந்தவர்களின் கைகளில்தான் நடந்திருக்கிறது.

ஆனால் 1815இல் வாட்டர்லூவோடு போர் முடிந்தது. படைக்குச் சப்பாத்து வேண்டியிருக்கவில்லை. விற்காத சரக்கு தேங்கியது. வேறு நட்டங்களும் சேர, 1821இல் புறுணெல் கடனாளிகள் சிறையில் அடைக்கப்பட்டார். அரசாங்கம் 5,000 பவுண் கொடுத்த பிறகே வெளியே வந்தார். அவர் வேலை கொடுத்த அந்தப் படையினருக்காக எழுந்த தொழிற்சாலை நிலைக்கவில்லை. போருக்காக உருவாக்கப்படும் வாழ்வாதாரம் போரோடு போய்விடும் என்பதற்கு அதுவும் ஓர் உதாரணம்.

துப்பாக்கிக் கட்டையிலிருந்து அச்சுக்கட்டைக்கு

அடுத்த முன்னேற்றமும் ஆயுதத்திலிருந்தே வந்தது. 1819ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் தோமஸ் பிளாஞ்சார்ட் என்பவர், துப்பாக்கியின் மரப்பிடியைக் கடைவதற்கு ஒரு கடைசல் இயந்திரத்தை உருவாக்கினார். மாதிரிக் கட்டை ஒன்றின்மேல் ஒரு சில்லு உருண்டு செல்லும். அது மேலேறினால் வெட்டும் சில்லும் மேலேறும், கீழிறங்கினால் அதுவும் இறங்கும். மாதிரியின் வளைவுகள் அப்படியே புதிய மரத்தில் வந்துவிடும்.

கால் வடிவமும் துப்பாக்கிப்பிடியைப்போல ஒழுங்கற்ற வளைவுகள் கொண்டதுதான். அதே முறை அச்சுக்கட்டை கடைவதற்கும் வந்தது. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, அளவுக்கு ஒன்று என்று ஒரே மாதிரியான கட்டைகளை மலிவாகச் செய்ய முடிந்தது. இன்று கடையில் "எட்டாம் நம்பர்" என்று கேட்கிறோமே, அது நடைமுறைக்கு வரக் காரணமானவற்றில் இதுவும் ஒன்று.

ஆனால் இதில் இன்னொன்றும் நடந்தது. அதுவரை செம்மான் ஒவ்வொருவருடைய காலையும் பார்த்துக் கட்டையைச் சரிசெய்தார். இனிக் கட்டை ஒரு "சராசரிக் காலுக்கு" ஆனது. அந்தச் சராசரிக்குள் அடங்காதவர் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

தையல் இயந்திரமும் உள்நாட்டுப் போரும்

1846இல் எலியாஸ் ஹோ தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1850களில் அது தோலைத் தைக்கும் வகையில் மாற்றப்பட்டது. மேற்பாகம் தைக்கும் வேலையை வீடுகளிலிருந்து செய்துவந்த பெண்கள் தொழிற்சாலைக்குப் போக வேண்டியதாயிற்று. கூலி குறைந்தது. 1860 மாசியில் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் சப்பாத்து நகரமான லின்னில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பனிக்குள் பெண்கள் ஊர்வலம் போனார்கள்.

1858இல் லைமன் பிளேக் அடித்தோலையும் மேற்பாகத்தையும் இணைத்துத் தைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். சப்பாத்துக்குள் நுழையக்கூடிய கொம்பு போன்ற ஒரு கை அதன் சிறப்பு. அந்த உரிமையை வாங்கியவர் கோர்டன் மெக்கே. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. படைக்கு இலட்சக்கணக்கில் சப்பாத்து வேண்டும், செம்மார்களில் பலரோ போர்முனையில். அந்த இடைவெளியில் மெக்கேயின் இயந்திரம் பரவியது. அவர் இயந்திரத்தை விற்கவில்லை, வாடகைக்குக் கொடுத்தார். தைக்கப்படும் ஒவ்வொரு சோடிக்கும் ஒரு கட்டணம். செய்பவர் மாறினாலும், அணிபவர் மாறினாலும், பணம் இயந்திரத்தின் உரிமையாளருக்கே போய்க்கொண்டிருந்தது.

1870களில் சார்ள்ஸ் குட்இயர் இளையவரின் பெயரால் அறியப்படும் தையல்முறை வந்தது. மேற்பாகத்தைச் சுற்றி ஒரு தோற்பட்டியைத் தைத்து, அந்தப் பட்டியோடு அடித்தோலைத் தைப்பார்கள். அடி தேய்ந்தால் பட்டியிலிருந்து கழற்றிப் புது அடி போடலாம். இன்று நாம் வாங்கும் மலிவுச் சப்பாத்துகள் பலவற்றில் அடி பசையால் ஒட்டப்பட்டதே. மழைக்காலத்தில் வாய் பிளந்து நிற்பது அதனால்தான். பஸ் நிலைய ஐயா அதைச் சுற்றிக் கையால் தைத்துத் தரும்போது, நூற்றைம்பது வருடத்துக்கு முன் இயந்திரம் பறித்த வேலையை அதே இயந்திரத்தின் குறைக்காகத் திரும்பச் செய்கிறார்.

கைக்கு எஞ்சிய கடைசி வேலை

வெட்டுவதும் தைப்பதும் இயந்திரத்துக்குப் போன பின்பும் ஒரு வேலை மட்டும் கையிலேயே நின்றது. அதுதான் மேற்பாகத்தை அச்சுக்கட்டைமேல் இழுத்துப் பொருத்துவது. தோல் எல்லா இடத்திலும் ஒரேயளவு இழுபடாது. விரற்பக்கத்தில் சிறு சிறு மடிப்புகளாகச் சேர்த்து, சுருக்கம் வெளியே தெரியாமல் ஆணி அடிக்க வேண்டும். கூட இழுத்தால் கிழியும், குறைய இழுத்தால் தொளதொளக்கும். திறமையான ஒருவர் நாளுக்கு 50 சோடி பொருத்தினார். இந்த வேலையை இயந்திரம் ஒருநாளும் செய்யாது என்று அத்தொழிலாளர் உறுதியாக நம்பினார்கள். அதனால் அவர்களுடைய சங்கமும் வலுவாக இருந்தது.

அதைச் செய்து காட்டியவர் ஜான் ஏர்ண்ஸ்ட் மற்செலிகர். 1852இல் தென்னமெரிக்காவின் டச்சுக் குடியேற்றமான சுரினாமில் பிறந்தவர். தந்தை டச்சுக்காரர், தாய் கறுப்பினத்தவர். பத்து வயதிலேயே இயந்திரப் பட்டறையில் வேலை பழகி, பத்தொன்பதாவது வயதில் கப்பலேறி, 1877இல் லின்னுக்கு வந்து சேர்ந்தார். ஆங்கிலம் சரிவரத் தெரியாது. நிறத்தைக் காரணம் காட்டித் தேவாலயங்களே அவரைச் சேர்க்க மறுத்தன. பகலில் தொழிற்சாலை, இரவில் படிப்பும் மாதிரி செய்வதும். சுருட்டுப் பெட்டிப் பலகை, கம்பி, ஆணி ஆகியவற்றால் முதல் மாதிரியைச் செய்தார். சாப்பாட்டைக் குறைத்துக் காசு சேர்த்தார். பணம் போதாமல், முதலீடு செய்த இருவருக்குக் கண்டுபிடிப்பின் மூன்றில் இரண்டு பங்கை எழுதிக் கொடுத்தார்.

அவருடைய இயந்திரம் மனிதக் கை செய்வதை அப்படியே பின்பற்றியது. ஒரு குறடு தோலின் விளிம்பைப் பிடிக்கும், கட்டைமேல் இழுக்கும், திருப்பி மடிக்கும். உடனே ஓர் ஆணி இறங்கும். கட்டை சற்று நகரும், குறடு மறுபடி பிடிக்கும். வரைபடங்களை விளங்கிக்கொள்ள முடியாமல், காப்புரிமை அலுவலகம் ஓர் அதிகாரியை லின்னுக்கே அனுப்பி நேரில் பார்க்கச் செய்தது. 1883 மார்ச் 20இல் 274,207 என்ற இலக்கத்தில் காப்புரிமை கிடைத்தது.

இயந்திரம் மேம்பட்டபோது நாளுக்கு 150 முதல் 700 சோடிவரை பொருத்த முடிந்தது. சப்பாத்தின் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வெறுங்காலோடு நடந்த ஏழைகளின் பிள்ளைகளுக்கும் சப்பாத்து எட்டியது. ஆனால் மற்செலிகர் அதன் பயனைப் பெரிதாக அனுபவிக்கவில்லை. காசநோயால் 1889 ஓகஸ்ட் 24இல், 37 வயதாக முன்னரே இறந்துபோனார். அவருடைய நிறத்தை இழிவுபடுத்தும் ஒரு சொல்லையே தொழிலாளர் அந்த இயந்திரத்துக்குப் பெயராக வைத்திருந்தார்கள். தன்னை ஏற்றுக்கொண்ட ஒரே ஒரு தேவாலயத்துக்குத் தன் பங்குகளில் ஒரு பகுதியை எழுதிவைத்தார். 1991இல்தான் அமெரிக்கா அவருக்கு முத்திரை வெளியிட்டது.

1899இல் பெரிய சப்பாத்து இயந்திர நிறுவனங்கள் ஒன்றாக இணைந்தன. அந்த ஒன்றிணைந்த நிறுவனம் தன் முக்கிய இயந்திரங்களைப் பல பத்தாண்டுகளாக வாடகைக்கு மட்டுமே கொடுத்துவந்தது. 1953இல்தான் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று அதைச் சட்டவிரோத ஏகபோகம் என்று தீர்ப்பளித்தது.

எங்கள் கால்களுக்கு

இந்த வரலாறு எங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். வடக்கிலும் கிழக்கிலும் எறிகணையாலும் கண்ணிவெடியாலும் காலிழந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். நீரிழிவால் பாத உணர்ச்சி போனவர்களும் கூடிவருகிறார்கள். தொழிற்சாலையின் அச்சுக்கட்டை எங்களை எண்ணிச் செதுக்கப்பட்டதல்ல. அதனால் சில விடயங்களை நாங்களே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

செயற்கைக்கால் பொருத்தும்போது குறிப்பிட்ட ஒரு குதி உயரத்துக்கு ஏற்பவே அதைச் சரிசெய்கிறார்கள். குதி அதைவிட உயர்ந்தால் முழங்கால் முன்னுக்கு மடியும், தாழ்ந்தால் பின்னுக்குத் தள்ளும். புதிது வாங்கப் போகும்போது பழைய சப்பாத்தைக் கையோடு கொண்டுபோய்க் குதியை ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பாகத்துக்கும் குதிக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் முக்கியம். வேறு வழியில்லாமல் வாங்கினால், நடக்கத் தொடங்குமுன் கால் பொருத்திய நிலையத்தில் காட்டுங்கள். ஜெய்ப்பூர் கால் சப்பாத்தில்லாமலும் நடக்கக்கூடியதாகவே உருவாக்கப்பட்டது. ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் வைத்தியர் பி. கே. சேதியும் சேர்ந்து உருவாக்கியது அது. ஆனாலும் அதைப் போட்டிருப்பவரும் குதி உயர்ந்த சப்பாத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

பாத உணர்ச்சி இல்லாதவர்கள் போடுமுன் சப்பாத்துக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஆணி நுனியோ கல்லோ புண்ணாக்கினாலும் உங்களுக்குத் தெரியாது. மென்மையான றப்பர் அடி வைத்த விசேட செருப்புகள் பற்றி சிகிச்சை நிலையத்தில் கேளுங்கள்.

இன்று காலை ஒளியால் அளந்து, கணினி வழி ஒவ்வொருவருக்கும் தனித்தனி அச்சுக்கட்டை கடைய முடிகிறது. பிளாஞ்சார்டின் கடைசல் இயந்திரம் எடுத்துக்கொண்ட "தனிக் கால்" என்ற உரிமையை, அதன் பேரப்பிள்ளையான இயந்திரம் திருப்பித் தரக்கூடும். அப்படியொரு சிறு பட்டறை வன்னியில் எங்காவது அமைந்தால், அங்கே வேலை செய்யக் காலிழந்தவர்களே போதும். இருநூறு வருடத்துக்கு முன் பற்றர்சீயில் செய்து காட்டியிருக்கிறார்கள். அன்று அது நிலைக்காமல் போனதற்குக் காரணம் வேலை செய்தவர்களின் ஊனமல்ல, அவர்கள் படைக்காக மட்டுமே செய்தார்கள் என்பதுதான். எங்களுக்குத் தேவை எங்கள் கால்களுக்காகச் செய்யும் ஒன்று.

பரிசளிப்பு விழாவுக்குப் போனேன். குதி சீவிய சப்பாத்தோடு மேடைக்கு முன்வரிசைவரை தடியில்லாமல் நடந்தேன். அந்த ஐயாவுக்கு நான் கொடுத்தது இருநூறு ரூபாய்.