வேகமும் வெப்பமும்

1961ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் நடைபெற்ற மகிழுந்துக் கண்காட்சியில், இங்கிலாந்தின் ஜாகுவார் நிறுவனம் தன் 'ஈ-டைப்' ஊர்தியை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. மணிக்கு 150 மைல் வேகம் எனப் பறைசாற்றப்பெற்ற அவ்வூர்தியின் நீண்ட மூக்கும் குறுகிய வாயும் கண்டோரைக் கவர்ந்தன. ஆயினும், கண்ணைக் கவர்ந்த அக்குறுகிய வாயே பின்னர் அதன் இயந்திரத்திற்கு இடர் விளைத்த காரணங்களுள் ஒன்றாயிற்று.

அவ்வடிவத்தை வகுத்தவர் மால்கம் சேயர். வானூர்தித் தொழிலிலிருந்து வந்த அவர், காற்றோடு இயைந்து ஓடும் உருவையே நாடினார். அவர் முன்னர் வடித்த 'டி-டைப்' பந்தய ஊர்தி, பிரான்சின் லெ மான் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வாகை சூடியது. விரைந்தோடும் ஊர்திக்குச் சிறு வாயே போதும். வேகமே காற்றை உள்ளே தள்ளிவிடும். பந்தயக்களத்தில் இக்கணக்குப் பொய்க்கவில்லை.

நகரச் சாலையோ பந்தயக்களம் அன்று. ஈ-டைப் ஊர்திகளுள் பெரும்பகுதி அமெரிக்காவுக்கே ஏற்றுமதியாயிற்று. அங்கே கோடை வெயிலில், நெரிசலில் நின்று நின்று நகரும்போது வேகம் தரும் காற்று ஏது? எரிபொருளின் வெப்பத்தில் ஒரு பகுதியே ஓட்டத்திற்குப் பயன்படுகிறது. எஞ்சியதில் ஒரு கூறு புகையோடு வெளியேறும். மற்றொரு கூற்றை, இயந்திரத்தினுள் சுற்றியோடும் நீர் ரேடியேட்டருக்குச் சுமந்து செல்லும். அங்கே போதிய காற்றுப் படாவிடில் நீர் கொதிக்கும். முதல் வரிசை ஈ-டைப்பின் இயந்திர உடல் வார்ப்பிரும்பாலானது, தலைப்பகுதி அலுமினியத்தாலானது. சூடேறினால் அலுமினியம் இரும்பைவிட மிகுதியாக விரியும். வெப்பம் அளவு கடந்தால் தலைப்பகுதி கோணலுறும். இரண்டிற்கும் இடையிலுள்ள கேஸ்கெட் சிதையும்.

முதல் வரிசை ஊர்திகளிலும் மின்விசிறி இருந்தது. ஆனால், ஒன்றே இருந்தது. 1968இல் வெளிவந்த இரண்டாம் வரிசையில் வாய் பெரிதாக்கப்பட்டது, விசிறிகளும் இரண்டாயின. 1971இல் 12 சிலிண்டர்களும் 5.3 லிட்டர் கொள்ளளவும் கொண்ட இயந்திரத்துடன் மூன்றாம் வரிசை தோன்றியபோது, வாய் மேலும் அகன்று கம்பித்தட்டியும் பெற்றது. முதல் வடிவின் எழில் குன்றிற்று என வருந்துவோர் இன்றும் உளர். எனினும், இயந்திரம் மூச்சுவிட வேண்டுமே!

1974இல் ஈ-டைப்பின் உற்பத்தி நின்றது. எஞ்சியுள்ள முதல் வரிசை ஊர்திகளைப் பேணுவோர், அக்குறுகிய வாயைச் சிதைக்காமலே வெப்பத்தை அடக்க முயல்கின்றனர். இயந்திர உடலின் நீர்வழிகளில் படிந்த துருவையும் கசடையும் கழுவி நீக்குகின்றனர். வெறும் நீருக்கு மாறாகத் துருத்தடுப்பு மருந்து கலந்த குளிர்விப்பு நீரை ஊற்றுகின்றனர். அழுத்தமூடி தளர்ந்திருந்தால் நீர் விரைவில் கொதித்துவிடும் என்பதால் அதனை மாற்றுகின்றனர். தீப்பொறி எழும் நேரத்தைச் சரிபார்க்கின்றனர். வலிமை மிக்க மின்விசிறியைப் பார்வைக்குத் தெரியாதவாறு உள்ளே பொருத்துகின்றனர்.

ஓடும்போது தானே வரும் காற்றை நம்பி வகுக்கப்பட்டது அவ்வூர்தி. நிற்கும்போதும் காற்று வேண்டும் என்பதை நகரச் சாலையே அதற்குக் கற்பித்தது. ஒரு படைப்பின் திறத்தை அதன் வேகத்தில் மட்டுமன்று, அது நிற்கும் வேளையிலும் அளந்தறிதல் வேண்டும்.