வீதியை மீட்ட மக்கள்

நகர வீதி யாருக்கு உரியது? ஒல்லாந்து நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம்.

துவிச்சக்கர வண்டிகளுக்குப் பேர்போன அந்நாடு, இரண்டாம் உலகப்போரின் பின்னர்த் தன் வீதிகளை மோட்டார் வாகனங்களுக்குத் திறந்துவிட்டது. விளைவு என்ன? 1971ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3,300 பேர் வீதிகளில் மாண்டனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர். மக்கள் இதனைத் தலைவிதியென ஏற்றனரல்லர். ஆம்ஸ்டர்டாமின் பழைய தொழிலாளர் குடியிருப்பான டி பைப்பில், விளையாட வீதி வேண்டுமெனச் சிறுவர்களே 1972இல் கிளர்ந்தனர். 'சிறுவர் கொலையை நிறுத்துக' என்ற முழக்கத்தோடு பெற்றோர் இயக்கம் நாடெங்கும் பரவிற்று. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. மோட்டார் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் வீதியின் இன்னொரு முகத்தை யாவரும் கண்டனர்.

டெல்ஃப்ட் நகரில் வளைவுகளும் மரங்களும் அமைத்து வாகன வேகத்தைத் தணித்தனர். நடப்போரும் விளையாடும் பிள்ளைகளும் முழு வீதியையும் பயன்படுத்த, வாகனம் நடைவேகத்தில் ஊர வேண்டும். இத்தகைய குடியிருப்பு வீதிகளை 1976இல் சட்டமும் ஏற்றது. இன்று அந்நாட்டின் வீதி மரணங்கள் 1971இன் காற்பங்கிலும் குறைவு.

வீதியை வரைந்தோர் பொறியியலாளர். அவ்வாறு வரையச் செய்தோர் மக்கள். பஸ்ஸுக்குக் காத்து நிற்போரும் பாடசாலைக்கு நடக்கும் பிள்ளைகளும் வீதியோரம் ஒதுக்கப்படும் நகரங்களில் வாழும் நாம், இவ்வரலாற்றை வகுப்பறையிலும் வெளியிலும் பேசுதல் வேண்டும்.