ஒளி சுழற்றிய வெங்கச்சாங்கல்

கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர்ப் பக்கம் போனால் சாலையோரம் கிரானைட் பட்டறைகள் தென்படும். மெருகேற்றிய பலகையைக் குனிந்து பாருங்கள்: இளஞ்சிவப்பாக ஃபெல்ட்ஸ்பார், கறுப்பாக மைக்கா, நடுநடுவே நிறமில்லாமல் மங்கலாக மின்னும் மணிகள். அந்த மணிகள்தான் குவார்ட்ஸ். அதே கனிமம் வயலில் வெள்ளையாகத் தனியே கிடந்தால் வெங்கச்சாங்கல் என்போம்.

ஓசூர்க்காரர்களுக்கு குவார்ட்ஸ் என்றதும் வாட்ச்தான் நினைவுக்கு வரும். டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களை இங்கேதான் செய்ய ஆரம்பித்தது. கடிகாரத்துக்குள் இருப்பது மலையில் வெட்டிய கல் அல்ல, உயரழுத்தக் கலனில் வளர்த்த படிகம். மின்சாரம் கொடுத்தால் அது நொடிக்கு 32,768 முறை அதிரும். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். இதே கல்லை வெறும் வெளிச்சம் பிடித்துத் திருகிய கதை அந்த அளவுக்குப் பரவவில்லை.

வட்ட முனைவாக்கம் பெற்ற, அதாவது அதிர்வுத் திசை சுழன்றபடி முன்னேறும் ஒளிக்கு ஒரு முறுக்கு உண்டு, அது பட்ட பொருளைத் திருப்ப வேண்டும் என்று 1909-இல் இயற்பியலாளர் பாயிண்டிங் கணக்குப் போட்டார். அளக்க முடியாத அளவுக்கு அது சிறியது என்றும் அவரே கருதினார். திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமனும் எஸ். பகவந்தமும் 1931-இல் வேறு வழியில் வந்தார்கள். ஒளி சிதறும்போது அதன் முனைவாக்கம் எப்படி மாறுகிறது என்று அளந்து, ஒளித்துகளான ஃபோட்டானுக்குத் தற்சுழற்சி உண்டு என்பதற்கு அதையே சான்றாக முன்வைத்தார்கள். கட்டுரை வெளியானது இந்திய இயற்பியல் இதழில். ராமன் விளைவைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் கண்முன் ஒரு பொருள் திரும்பினால்தானே மனம் ஆறும்? அமெரிக்காவில் ரிச்சர்ட் பெத் அதைச் செய்து காட்டி 1936-இல் வெளியிட்டார். அவர் எடுத்தது ஓர் அங்குல விட்டமுள்ள குவார்ட்ஸ் தகடு. அதை மெல்லிய குவார்ட்ஸ் இழையில், காற்று நீக்கிய கூட்டுக்குள் தொங்கவிட்டார். வலப்பக்கம் சுழலும் ஒளி தகட்டுக்குள் புகுந்து இடப்பக்கம் சுழல்வதாக வெளியேறும். முறுக்கின் திசை மாறினால் அந்த வித்தியாசத்தை யாராவது தாங்கியாக வேண்டும். தகடு தாங்கியது, இம்மி அளவு திரும்பியது. டங்ஸ்டன் விளக்கின் வெளிச்சம் செய்த வேலை இது. லேசர் வர இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது.

1986-இல் ஆர்தர் ஆஷ்கினும் கூட்டாளிகளும் குவித்த ஒற்றை லேசர்க் கற்றையால் நீரில் மிதக்கும் துகளைப் பிடித்து நிறுத்தினார்கள். இதுதான் ஒளிப்பொறி. பிடித்ததைச் சுழற்றுவது அடுத்த படி. நீருக்குள் துகளின் அளவைப் பத்தில் ஒன்றாக்கினால், அதே வேகத்தில் சுழற்றத் தேவையான விசைத்திருப்பம் ஆயிரத்தில் ஒன்றாகும். பெத்துக்கு முரண்டு பிடித்த விளைவு இங்கே சீறிப் பாய்ந்தது அதனால்தான். 1998-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் கால்சைட் என்ற கனிமத்தின் துணுக்குகள் நொடிக்கு 350 சுற்றுக்கு மேல் சுழன்றன. நிமிடக் கணக்கில் 21,000. ஓசூர்ப் பட்டறை லேத் பலவும் தொடாத வேகம்.

குவார்ட்ஸை விட்டுக் கால்சைட்டுக்கு ஏன் போனார்கள்? ஒளியை இரண்டாகப் பிரிக்கும் திறன் குவார்ட்ஸில் குறைவு. அகச்சிவப்பு லேசரின் முறுக்கை முழுதாகத் திருப்பக் கால்சைட்டில் சுமார் 3 மைக்ரான் கனம் போதும். குவார்ட்ஸில் 60 மைக்ரான் வேண்டும். ஆனாலும் குவார்ட்ஸ் திரும்பி வந்தது. நீரில் கரையாது, அதைச் செதுக்கும் நுட்பமும் கைவசம் இருந்தது. 2004-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லா போர்ட்டாவும் மிஷெல் வாங்கும் குவார்ட்ஸ் துகளை ஒளிப்பொறியில் திருப்பி, விசைத்திருப்பத்தையும் அளந்தார்கள். மூன்றாண்டு கழித்து வாங்கின் குழு குவார்ட்ஸ் தகட்டிலிருந்து மைக்ரான் அளவு உருளைகளைச் செதுக்கி, அடிப்பக்கத்தில் மட்டும் டிஎன்ஏ ஒட்டும்படி செய்தது. ஒளியின் முனைவாக்கத்தைத் திருப்பினால் உருளை கூடவே திரும்பும். கீழே ஒட்டிய டிஎன்ஏ முறுக்கேறும். வெளியேறும் ஒளியில் வல, இடச் சுழற்சிகளின் பங்கை ஒப்பிட்டால் எவ்வளவு விசைத்திருப்பம் என்று தெரிந்துவிடும். வாகன அசெம்ப்ளி லைனில் நட்டை முறுக்கும் டார்க் ரெஞ்ச் செய்கிற வேலைதான், அளவு மட்டும் வேறு. மரபணுவைப் படியெடுக்கும் ஈ. கோலை நொதி சுமார் 11 பிக்கோநியூட்டன் நானோமீட்டர் வரை முறுக்கித் தள்ளும் என்று 2013-இல் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

இதெல்லாம் ஒளிக்கற்றையை அச்சாகக் கொண்ட சுழற்சி. சென்னை ஐஐடியில் பாசுதேவ் ராயின் குழு, கற்றைக்குக் குறுக்கான அச்சில் துகள் உருளும் அசைவைப் பிடித்து அளப்பதில் இறங்கியிருக்கிறது.