ஹாம்பர்க்: இரண்டு நாளில் ஒரு துறைமுக நகரம்

ஹாம்பர்க் நகரத்துக்கு இரண்டு நாள் சுற்றுலா போகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கும். கால்வாய் ஓரத்துச் செங்கல் கிடங்குகள், கண்ணாடியால் ஆன புதிய இசை அரங்கம், துறைமுகத்தில் படகுச் சவாரி, பீட்டில்ஸ் குழுவினர் 1960இல் பாட வந்த தெரு, ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தை. எல்லாமே பார்க்க வேண்டியவைதான், சந்தேகமில்லை. ஆனால் பட்டியலை முடித்துவிட்டுத் திரும்பும்போது ஒரு கேள்வி மிஞ்சும். எண்ணூறு ஆண்டு வரலாறு பேசும் இந்த ஊரில் பழைய வீடுகள் எல்லாம் எங்கே போயின? அங்கே குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள்?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே இரண்டு நாள் திட்டம் போடலாம். அதற்கு அதிக நடையும் தேவையில்லை. முதல் நாள் பார்க்க வேண்டிய இடங்கள் ஒன்றுக்கொன்று பத்து, பதினைந்து நிமிட நடைதான்.

முதலில் ஊரைப் பற்றிச் சுருக்கமாக. ஹாம்பர்க் கடற்கரையில் இல்லை. வட கடலிலிருந்து எல்பே ஆற்றின் வழியே சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆனாலும் ஜெர்மனியின் மிகப் பெரிய துறைமுகம் இதுதான். 1189 மே 7 அன்று பேரரசர் பார்பரோசா இந்த ஊர் வணிகர்களுக்குச் சுங்க விலக்கு கொடுத்ததாக ஒரு பட்டயம் உண்டு. அந்த நாளைத் துறைமுகத்தின் பிறந்தநாளாக வைத்து ஆண்டுதோறும் மே மாதம் பெரிய விழா எடுக்கிறார்கள். அந்தப் பட்டயம் 13ஆம் நூற்றாண்டில் தயாரிக்கப்பட்ட போலி என்பது வரலாற்றாசிரியர்களின் முடிவு. (விழா மட்டும் நிற்கவில்லை!) மன்னர் கிடையாது, வணிகர்களே ஆண்ட நகரம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் விளங்கும்.

முதல் நாள் காலை டைக்ஸ்ட்ராஸே என்ற சின்னத் தெருவில் தொடங்கலாம். கால்வாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் பழைய வணிகர் வீடுகள் ஊரின் மையத்தில் தப்பிப் பிழைத்திருப்பது இங்கேதான். வேடிக்கை என்னவென்றால், 1842ஆம் ஆண்டுப் பெருந்தீ தொடங்கியதும் இதே தெருவில்தான். மே 5 அதிகாலையில் பிடித்த தீ மூன்று நாள் எரிந்தது. 51 பேர் இறந்தார்கள், சுமார் 20,000 பேர் வீடிழந்தார்கள். தீயைத் தடுப்பதற்காக நகர மன்றக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள், அப்படியும் பயனில்லை.

தெருவுக்குப் பக்கத்திலேயே செயின்ட் நிக்கோலாய் தேவாலயத்தின் கோபுரம் நிற்கிறது. பழைய தேவாலயம் 1842 தீயில் போனது. அதற்குப் பதிலாக ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்த புதிய தேவாலயத்தின் கோபுரம் 147 மீட்டர் உயரம். 1874இல் முடிந்தபோது உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான், இரண்டு ஆண்டுகளுக்கு. 1943இல் குண்டு போட வந்த விமானிகளுக்கு அந்த உயரமே அடையாளமாகப் போனது. அந்த ஜூலை, ஆகஸ்ட் தாக்குதல்களில் சுமார் 35,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஜூலை 27 நள்ளிரவுக்குப் பிறகு எழுந்த தீப்புயலில் சிக்கிய கிழக்குப் பகுதித் தொழிலாளர் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். இன்று கோபுரம் மட்டும் இருக்கிறது, தேவாலயத்தின் கூரை இல்லை. கோபுரத்துக்குள் லிஃப்டில் 76 மீட்டர் வரை ஏறலாம். ஊரின் அமைப்பு புரிய வேண்டுமானால் முதல் நாளே ஏறிவிடுவது நல்லது.

அங்கிருந்து நகர மன்றக் கட்டடத்துக்கு, அதாவது ராட்ஹவுஸுக்கு, நடக்கலாம். 1897இல் திறந்த பிரம்மாண்டமான கட்டடம். பயணிகள் முன்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பார்க்க வேண்டியது உள்முற்றத்தில் இருக்கிறது. ஆரோக்கியத்தின் கிரேக்கத் தெய்வமான ஹைஜீயாவின் சிலையோடு ஒரு நீரூற்று. 1892இன் காலராவை நினைவுகூர்ந்து வைத்தது. சீராட்டத் தோன்றும் அளவுக்கு அழகான நீரூற்று, ஆனால் அதன் பின்னால் இருக்கும் கதை அவ்வளவு அழகானதல்ல.

பெருந்தீக்குப் பிறகு வில்லியம் லிண்ட்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஊருக்குப் புதிய சாக்கடையும் குடிநீர்க் குழாய்களும் அமைத்துக் கொடுத்தார். ஐரோப்பாக் கண்டத்திலேயே முன்னோடியான ஏற்பாடு அது. ஒரே ஒரு குறை: எல்பே ஆற்று நீர் வடிகட்டப்படாமலே குழாயில் வந்தது. மணல் வடிகட்டி வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகள் நடந்தது. செலவு யார் தலையில் விழும் என்ற வாக்குவாதத்திலேயே காலம் போனது. நகர மன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை அப்போது சொத்தும் வருமானமும் உள்ள சிறு பகுதியினருக்கு மட்டுமே. கடைசியில் வேலை தொடங்கி, முடிவதற்குள் 1892 ஆகஸ்டில் காலரா வந்துவிட்டது. வணிகம் கெடும் என்ற பயத்தில் அதிகாரிகள் சில நாள் அதை வெளியே சொல்லவும் இல்லை. சில வாரங்களில் சுமார் 8,600 பேர் இறந்தார்கள்.

பக்கத்து ஊரான ஆல்டோனா அப்போது பிரஷ்யாவின் ஆட்சியில் இருந்தது. அவர்கள் குடித்ததும் எல்பே நீர்தான், அதுவும் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு வரும் நீர். ஆனால் அவர்கள் அதை மணலில் வடிகட்டினார்கள். இரண்டு ஊருக்கும் எல்லையாக இருந்த தெருவில் ஹாம்பர்க் பக்கம் பிணம் விழுந்தது, ஆல்டோனா பக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பெர்லினிலிருந்து வந்த ராபர்ட் கோக் போன்ற அறிவியலாளர்களுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவைப்படவில்லை. அடுத்த ஆண்டே, 1893இல், ஹாம்பர்க்கின் வடிகட்டி இயங்கத் தொடங்கியது.

காலரா அதிகம் பரவியது கேங்கெஃபீர்டல் எனப்பட்ட சந்துக் குடியிருப்புகளில். கையை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவர் தட்டும் சந்துகள், ஒரே அறையில் ஒரு குடும்பம். அங்கே இவ்வளவு நெரிசல் ஏன்? அதற்கான பதிலைப் பார்க்கக் கிடங்குகளுக்குப் போக வேண்டும். போகிற வழியில் இன்னும் இரண்டு கட்டடங்கள் உண்டு.

ஒன்று சிலி ஹவுஸ். கப்பலின் முன்முனை போலக் கூர்மையாக முடியும் கட்டடம், 1924இல் முடிந்தது. சிலி நாட்டு வெடியுப்பு வணிகத்தில் பணம் சேர்த்த ஒருவர் கட்டியதால் அந்தப் பெயர். இதைச் சுற்றியுள்ள அலுவலகப் பகுதி முழுவதுமே இடிக்கப்பட்ட சந்துக் குடியிருப்புகளின் மேல் எழுந்ததுதான்.

இரண்டாவது, பக்கத்திலேயே இருக்கும் மெஸ்பெர்க்ஹோஃப். இதை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும். கட்டும்போது இதன் பெயர் பாலின் ஹவுஸ். ஹாம்பர்க்–அமெரிக்கா கப்பல் நிறுவனத்தை உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனமாக வளர்த்த ஆல்பர்ட் பாலினின் நினைவாக வைத்த பெயர் அது. பாலின் யூதர். 1938இல் நாஜிகள் பெயரை மாற்றினார்கள். அதே கட்டடத்தில் அலுவலகம் வைத்திருந்த டெஷ் & ஷ்டாபெனோ என்ற நிறுவனம்தான் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு சைக்ளோன் பி நச்சு வாயுவை விற்றது. அதன் உரிமையாளர் புருனோ டெஷ் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு 1946இல் தூக்கிலிடப்பட்டார். வாசலில் ஒரு நினைவுப் பலகை உண்டு. அதன் முன் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

கால்வாயைத் தாண்டினால் ஸ்பைக்கர்ஸ்டாட், கிடங்கு நகரம். மாலை வெளிச்சத்தில் வருவதுதான் சரி. சிவப்புச் செங்கல், செம்புக் கூரை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் தெரு. காப்பி, தேயிலை, கோகோ, மசாலா, தரைவிரிப்பு என்று உலகமே இங்கே மூட்டையாக வந்து இறங்கியது. ஜெர்மன் பேரரசின் சுங்க எல்லைக்குள் ஹாம்பர்க் வர வேண்டும் என்று பிஸ்மார்க் நெருக்கியபோது, வணிகர்கள் பேரம் பேசித் துறைமுகத்தை மட்டும் சுங்கமில்லாப் பகுதியாக வைத்துக்கொண்டார்கள். அந்தப் பகுதிக்குள் கிடங்குகள் வேண்டும். இடம்? வாண்ட்ராம், கேர்வீடர் என்ற இரண்டு தீவுகளில் இருந்த வீடுகளை இடித்தார்கள். 1883இலிருந்து சுமார் 20,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு மாற்று வீடு எதுவும் கட்டித் தரப்படவில்லை. துறைமுகக் கூலிகளுக்கு வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தாக வேண்டும், ஆகவே பலரும் ஏற்கெனவே நெரிந்து கிடந்த சந்துகளில் போய் ஒண்டினார்கள். 1888இல் கைசர் வந்து சுங்கமில்லாத் துறைமுகத்தைத் திறந்து வைத்தார். நான்கே ஆண்டில் காலரா.

'கேர்வீடர்' என்றால் 'திரும்பி வா' என்று பொருள்.

2015இல் யுனெஸ்கோ இந்தக் கிடங்குகளையும் சிலி ஹவுஸ் பகுதியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சுங்கமில்லாத் துறைமுகம் 2013 தொடக்கத்தில் முற்றிலுமாக ஒழிந்தது. கிடங்குகளின் மேற்கே, 1960களின் ஒரு கோகோ கிடங்கின் தலையில் எல்ப்ஃபில்ஹார்மனி இசை அரங்கம் உட்கார்ந்திருக்கிறது. 2017இல் திறந்தது. நகரம் தன் பங்காக முதலில் சொன்ன கணக்கு 77 மில்லியன் யூரோ, முடிவில் கொடுத்தது 789 மில்லியன். வடிகட்டிக்குக் கணக்குப் பார்த்த ஊர்தான் இது! மேல்மாடத்துக்குப் போய்த் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு முதல் நாளை முடிக்கலாம்.

இரண்டாம் நாள் ஞாயிறாக அமைந்தால் மீன் சந்தையை முதலில் வைக்க வேண்டும், காலை ஒன்பதரைக்கெல்லாம் மூடிவிடுவார்கள். பிறகு படகுத்துறைக்கு வந்து, 1911இல் திறந்த பழைய எல்பே சுரங்கப்பாதையில் இறங்கலாம். 24 மீட்டர் ஆழம், 426 மீட்டர் நீளம், நடப்பவர்களுக்குக் கட்டணமில்லை. தொழிலாளர்கள் மறுகரைக் கப்பல் கட்டும் தளங்களுக்குப் போவதற்காகக் கட்டியது. துறைமுகத்தைச் சுற்ற உல்லாசப் படகுக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. 62ஆம் எண் படகு நகரப் போக்குவரத்துச் சீட்டிலேயே ஓடுகிறது.

மதியம் நகர ரயிலில் ஃபெடெல் நிலையத்துக்குப் போக வேண்டும். 1850க்குப் பிந்தைய எண்பது ஆண்டுகளில் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் ஹாம்பர்க் வழியாக அமெரிக்கா முதலிய நாடுகளுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்களில் பலர் கிழக்கு ஐரோப்பாவின் ஏழைகள், யூதர்கள். காலராவுக்குப் பிறகு அவர்களை ஊருக்குள் விட நகரம் தயங்கியது. பாலினின் நிறுவனம் 1901இல் இந்தத் தீவில் தங்கும் கூடங்களைக் கட்டியது. மருத்துவச் சோதனை, குளியல், படுக்கை, யூதர்களுக்குத் தனிச் சமையலறை எல்லாம் உண்டு. அக்கறையும் இலாபமும் பயமும் கலந்த ஏற்பாடு என்று சொல்லலாம். 2007 முதல் அது பாலின்ஸ்டாட் என்ற அருங்காட்சியகமாக இருக்கிறது. பாலின் 1918 நவம்பர் 9 அன்று, கைசரின் ஆட்சி விழுந்த அதே நாளில், நஞ்சு உட்கொண்டு இறந்தார்.

நாஜிகளின் நொயெங்காமெ முகாம் நினைவிடத்தை இந்த இரண்டு நாளில் திணிக்கக் கூடாது. அது ஊருக்கு வெளியே தென்கிழக்கில் இருக்கிறது, அதற்கு மட்டும் அரை நாளாவது வேண்டும். மூன்றாம் நாள் கிடைத்தால் போகலாம்.

ஃபெடெலுக்கு அடுத்த நிலையம் வில்ஹெல்ம்ஸ்பர்க். சுற்றுலாக் கையேடுகளில் அதிகம் வராத, தொழிலாளர்களும் குடியேறிகளும் வாழும் ஆற்றுத் தீவு. 1962 பிப்ரவரி 16 இரவு வட கடலிலிருந்து வந்த புயல்வெள்ளம் கரைகளை உடைத்துக்கொண்டு இங்கே புகுந்தது. ஹாம்பர்க்கில் இறந்த 315 பேரில் பெரும்பாலோர் இந்தத் தீவினர். மீட்புப் பணிக்கு இராணுவத்தை அழைத்த நகர அமைச்சர் ஹெல்முட் ஷ்மிட் 1974இல் நாட்டின் பிரதமரானார், அது எல்லோருக்கும் தெரிந்த கதை. இறந்தவர்களில் பலர் தோட்டக் குடிசைகளில் குடியிருந்தவர்கள் என்பது அந்த அளவுக்குத் தெரியாத கதை. 1943 குண்டுவீச்சில் வீடிழந்தவர்கள் தற்காலிகமாக ஒதுங்கிய குடிசைகள் அவை. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பலர் அவற்றிலேயே இருந்தார்கள். 1976இல் அதைவிட உயரமாக வெள்ளம் வந்தபோது, புதிதாக உயர்த்திய கரைகள் தாங்கிக்கொண்டன.