வேதியியல் பேசிய தமிழ்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கவிதையும் கட்டுரையும் நிறைந்த பத்தாம் ஆண்டு மலரில் அமிலத்துக்கும் காரத்துக்கும் என்ன இடம் என்று நம் வட்டத்து அன்பர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் தமிழில் வேதியியல் எழுதப்பட்ட வரலாறு, சோதனைச் சாலையின் வரலாறாக இருப்பதைவிடச் சொல்லின் வரலாறாகவே பெரிதும் அமைந்துள்ளது. சொல்லை ஆள்பவர்கள் கவிஞர்கள். ஆகவே அவர்களுக்கு இதில் பங்குண்டு; கடமையும் உண்டு. தொடக்க நிலை வேதியியலின் மூன்று பகுதிகளான வெப்ப இயக்கவியல், அமில காரவியல், கரிம வினைகள் ஆகியவற்றுக்குரிய தமிழ்ச் சொற்கள் எவ்வாறு பிறந்தன, அவை எதைக் காத்தன, எதை இழந்தன என்பதை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய முற்படுகிறது.

கெமிஸ்தம் முதல் வேதியியல் வரை

மேலை வேதியியலைத் தமிழில் நூலாக்கிய முன்னோடிகளுள் தலையாயவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822-1884). 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1860களில் பயிற்று மொழியைத் தமிழாக்கினார். தம் மாணாக்கர் துணையுடன் மருத்துவ நூல்கள் பலவற்றைத் தமிழாக்கிய அவர், 1875இல் வேதியியல் நூல் ஒன்றையும் வெளியிட்டார். அதன் பெயர் 'கெமிஸ்தம்'. தமிழில் சொல் உண்டாயின் அதையே கொள்வது, இல்லையேல் வடமொழியை நாடுவது, அதுவும் உதவாவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றிக்கொள்வது என்பது கிறீனின் நெறி. நூலின் பெயரே மூன்றாம் வகையைச் சார்ந்தது. ஆங்கிலச் சொல்லின் ஈற்றை வெட்டி 'அம்' சேர்த்ததும், 'சித்தம்', 'தத்துவம்' என்பனபோல் அது தமிழ்ச் செவிக்கு இசைந்துவிட்டது.

இதே காலத்தையொட்டி ஜப்பானில் நிகழ்ந்ததை ஒப்பு நோக்கலாம். உதகவா யோவான் என்னும் அறிஞர் 1837 முதல் வெளியிட்ட வேதியியல் நூலில் டச்சு மொழிச் சொல்லை ஒலிபெயர்த்து 'செய்மி' என்றே இத்துறையைக் குறித்தார். பின்னர் அந்நாட்டார் அதைக் கைவிட்டு, 'மாற்றத்தின் கல்வி' எனப் பொருள்படும் 'ககாகு' என்ற சொல்லை ஏற்றனர். தமிழும் அவ்வழியே சென்றது. கெமிஸ்தம் வழக்கொழிந்தது, இரசாயனம் நிலைபெற்றது, தமிழகத்தில் பின்னர் 'வேதியியல்' அதனிடத்தைப் பெற்றது. வேதித்தல் என்பது ஒன்றை வேறொன்றாக மாற்றுதல். செம்பைப் பொன்னாக்க முனைந்த இரசவாதியரின் சொல் அது. அவர்கள் தேடிய பொன் கிடைக்கவில்லை. அவர்களுடைய சொல் நமக்குக் கிடைத்தது.

சங்கங்களும் குழுக்களும்

தமிழகத்தில் 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் 'தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம்' நிறுவினர். தமிழ்க் கலைச்சொற்களுக்கென நடந்த அச்சங்கத்தின் இதழ் ஆங்கிலத்தில் வெளிவந்தது என்பது அக்காலத்தின் நிலையைக் காட்டும். பாரதியார் அம்முயற்சியைத் தம் கட்டுரையொன்றில் எடுத்துப் பேசினார். இராஜாஜி பின்னாளில் 'திண்ணை இரசாயனம்' என்னும் நூலை எழுதி, திண்ணையில் அமர்ந்து பேசும் மொழியிலேயே வேதியியலைச் சொல்லிவிட முடியும் எனக் காட்டினார்.

1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் கலைச்சொல்லாக்க மாநாடு கூடியது. தலைமை தாங்கியவர் சுவாமி விபுலானந்தர். யாழ்நூலின் ஆசிரியராகவும் கவிஞராகவும் நாம் போற்றும் அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டதாரி. யாழ்ப்பாணத்தில் அறிவியல் ஆசிரியராகவும் இருந்தவர். மாநாட்டின் பயனாக 1938இல் 'கலைச்சொற்கள்' என்னும் தொகுதி வெளிவந்தது. 1940இல் சென்னை அரசு சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் குழு ஒன்றை அமைத்தபோது, வடமொழிக்கே முதலிடம் தரப்படும் என அஞ்சித் தமிழறிஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதன்பின் அக்குழுவில் தமிழறிஞரும் சேர்க்கப்பட்டனர்.

விடுதலைக்குப் பின் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அதன் முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன் கவிஞர், கீர்த்தனைகள் இயற்றியவர். கலைச்சொல் வரலாற்றின் முக்கியமான கட்டங்களிலெல்லாம் கவியுள்ளம் படைத்த ஒருவர் நின்றிருக்கிறார் என்பது நாம் மறக்கலாகாத செய்தி.

புளிப்பும் காரமும்

இலத்தீன் மொழியில் அமிலத்தைக் குறிக்கும் சொல்லுக்குப் புளிப்பு என்பதே பொருள். வடமொழி 'ஆம்லம்' என்பதும் புளிப்பே. அதுவே நம் 'அமிலம்' ஆயிற்று. தனித்தமிழ் நாடியோர் 'காடி', 'புளியம்' என்ற சொற்களை முன்வைத்தனர். மருத்துவ வழக்கிலும் மக்கள் வழக்கிலும் 'திராவகம்' வாழ்ந்தது. செய்தித்தாளில் இன்றும் வாழ்கிறது.

பெயரில் ஒரு கொள்கை ஒளிந்திருக்கும் என்பதற்குப் பிராணவாயு தக்க சான்று. அமிலங்களுக்கெல்லாம் அதுவே மூலம் என்று கருதிய இலவாசியே, 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்னும் பொருளில் அதற்கு ஆக்ஸிஜன் எனப் பெயரிட்டார். 1787இல் வெளியான பெயரிடு முறை அப்பெயரை உலகெங்கும் பரப்பியது. ஆனால் 1810இல் ஹம்ப்ரி டேவி, உப்பிலிருந்து கிடைக்கும் அமிலத்தில் ஆக்ஸிஜன் இல்லை என நிறுவினார். கொள்கை வீழ்ந்தது, பெயர் நிலைத்தது. ஜெர்மானியரும் ஜப்பானியரும் 'புளிப்புப் பொருள்' என்றே இன்றும் அதனை அழைக்கின்றனர். 'பிராணவாயு', 'உயிர்வளி' என்ற நம் சொற்களோ அது செய்யும் தொழிலைக் கண்டு இடப்பட்டவை. எனவே அப்பிழை நம் மொழிக்குள் நுழையவில்லை.

காரத்தின் கதை வேறு. வெண்காரம், படிகாரம், சவர்க்காரம் எனக் காரப் பெயர்கள் நம்மிடம் முன்னரே இருந்தன. வெண்காரம் கரைந்த நீர் உண்மையில் காரத்தன்மை உடையது. படிகாரம் கரைந்த நீரோ அமிலத்தன்மை உடையது! பழையோர் சுவையும் பயனும் நோக்கிப் பெயரிட்டனர். இன்றைய வேதியியல் கட்டமைப்பு நோக்கிப் பெயரிடுகிறது. மிளகாயின் உறைப்பையும் நாம் காரம் என்பதால் மாணவர் மயங்குவதுண்டு. இலங்கையில் இச்சிக்கலைத் தவிர்த்தனர். அங்கே 'மூலம்' என்பது பொதுப்பெயர். நீரில் கரைவது மட்டுமே 'காரம்'. தமிழகத்தில் பொதுப்பெயர் 'காரம்'. நீரில் கரைவது 'எரிகாரம்'.

அமிலத்தையும் காரத்தையும் நிறத்தால் அறியும் முறையை இராபர்ட் பாயில் 1664இல் வெளியிட்ட நிறங்கள் பற்றிய நூலில் விளக்கினார். அவர் பயன்படுத்தியவற்றுள் ஒன்று ஊதாப்பூச் சாறு. நம் வீட்டு வாசலில் மணமக்களுக்கு ஆலத்தி எடுக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்ததும் செந்நிறம் பூக்கிறதே, அதுவும் இதே வினைதான். மஞ்சள் ஒரு நிறங்காட்டி. பொருள் நம் கையில் இருந்தது. அதற்குரிய வினாவை நாம் எழுப்பவில்லை.

1923இல் பிரான்ஸ்டெட், லௌரி என்னும் இருவர் தனித்தனியே ஒரு புதுவிளக்கம் தந்தனர். புரோட்டானைத் தருவது அமிலம். அதைப் பெறுவது காரம். நம் பாடநூல்கள் இவற்றை 'வழங்கி', 'ஏற்பி' என்கின்றன. வழங்குவோரின்றி ஏற்போர் இல்லை. ஏற்போரின்றி வழங்குதல் நிகழாது. நீர் அமிலத்திடம் ஏற்பியாகவும் காரத்திடம் வழங்கியாகவும் அமையும். பாணரும் புரவலரும் நிறைந்த புறப்பாடல் மரபில் வந்தவர்களுக்கு இவ்வுறவு புரியாத ஒன்றன்று.

உள்ளுறை வெப்பம்

பேச்சு வழக்கில் 'சூடு' என்ற ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் போதும். அறிவியலுக்குப் போதாது. ஒரு பொருள் பெறும் வெப்பத்தின் அளவு வேறு; அது எய்தும் வெப்பநிலை வேறு. 1760களில் ஜோசப் பிளாக் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். உலையில் கொதிக்கும் நீரை மேலும் எரித்தாலும் அதன் வெப்பநிலை ஏறுவதில்லை. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். ஒரு கிராம் பனிக்கட்டி உருகச் சுமார் 80 கலோரி வேண்டும். வெப்பமானிக்குப் புலப்படாமல் பொருளினுள் புகுந்து நிற்கும் இவ்வெப்பத்தைத் தமிழகப் பாடநூல்கள் 'உள்ளுறை வெப்பம்' என்கின்றன. இச்சொல்லைப் படிக்கும் தமிழாசிரியர் எவருக்கும் தொல்காப்பியர் கூறும் உள்ளுறை உவமம் நினைவுக்கு வராமற் போகாது. வெளிப்படத் தோன்றாது, பொருளினுள் தங்கி, பயன் விளைப்பது என்பது இரண்டுக்கும் பொது. மண்பானையின் புறத்தே கசியும் நீர், ஆவியாவதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைப் பானையிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது.

'ஆற்றல்' என்பதும் அத்தகைய நற்சொல். வேலை செய்யவல்ல தன்மையே ஆற்றல் என்னும் இயற்பியல் வரையறைக்கு, ஆற்றுதல் என்னும் வினையிலிருந்து பிறந்த சொல்லைவிடப் பொருத்தமானது அரிது. இலங்கையில் வழங்கும் 'சக்தி' என்பதில் வழிபாட்டின் மணமும் சேர்ந்து வருகிறது.

எல்லாச் சொற்களையும் இவ்வாறு பெயர்த்துவிட இயலாது என்பதையும் ஒப்பவேண்டும். 1865இல் கிளாசியஸ் 'என்ட்ரோப்பி' என்ற சொல்லை, மாற்றம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆக்கினார். வாழும் மொழிகள் அனைத்திலும் ஒன்றுபோல் வழங்கவேண்டும் என்பதற்காகவே பழைய மொழியை நாடினார். அத்தகைய சொல்லை அப்படியே ஏற்பது இழுக்காகாது.

சேதனமும் கரிமமும்

உயிர்களிடத்தே தோன்றும் பொருள்களை உயிராற்றலின்றி ஆக்க முடியாது என்று ஒரு காலத்தில் நம்பினர். 1828இல் வோலர், உயிர்ப்பொருள் என எண்ணப்பட்ட யூரியாவைக் கனிமப் பொருளிலிருந்து ஆக்கிக் காட்டினார். நம்பிக்கை தளர்ந்தது. இலங்கைத் தமிழில் இத்துறைக்குச் 'சேதன இரசாயனம்' என்று பெயர். சேதனம் என்பது உணர்வுடையது; ஆங்கிலச் சொல்லைப் போலவே அது பழைய நம்பிக்கையைச் சுமந்து நிற்கிறது. தமிழகத்தின் 'கரிம வேதியியல்' கரியை அடிப்படையாகக் கொண்டது. இன்றைய அறிவியலோடு ஒத்தது.

கரிம வினைகளின் வகைப்பாடு இலக்கணம் பயின்றார்க்கு வியப்பூட்டும். எத்திலீனுடன் புரோமின் சேர்வது சேர்க்கை வினை. மீத்தேனில் ஹைட்ரஜன் அகலக் குளோரின் அவ்விடத்தில் அமர்வது பதிலீட்டு வினை. ஆல்கஹாலிலிருந்து நீர் வெளியேற எத்திலீன் எஞ்சுவது நீக்கல் வினை. நன்னூலார் கூறும் புணர்ச்சி விகாரங்களும் மூன்றே. வாழைப்பழத்தில் பகரம் தோன்றியது. பொற்குடத்தில் னகரம் றகரமாகத் திரிந்தது. மரவேரில் மகரம் கெட்டது. தோன்றல், திரிதல், கெடுதல் எனும் இவற்றிலிருந்து வேதியியல் பிறந்ததென்று பெருமை பேசுவது அறிவுடைமையாகாது. இரு துறையிலும், இணையும்போது உறுப்புகள் என்னாகின்றன என்பதையே நோக்கினர். எனவே விடைகளும் ஒத்தன. இவ்வொப்புமையை வகுப்பில் கூறின் மூன்று வகைகளும் மாணவர் நெஞ்சில் எளிதாகத் தங்கும்.

நம் மண்ணின் பங்கு

வேதியியல் நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட்டு, நீர் தெளித்து நீற்றும்போது கொதித்தெழும் வெப்பம், வெப்பம் உமிழ் வினைக்குக் கண்கூடான சான்று. திண்டுக்கல் தோல் தொழிலில் சுண்ணாம்பு நீரே தோலின் மயிரை நெகிழ்த்தது. ஆவாரம்பட்டையின் துவர்ப்பே தோலைப் பதப்படுத்தியது. அத்தொழிலின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததும் வேதியியலே. நீற்றுதல், பதப்படுத்துதல், துவர்ப்பு முதலிய சொற்கள் உழைப்பாளர் ஆக்கியவை. எக்குழுவும் கூடி முடிவு செய்தவை அல்ல.

வடமதுரையை அடுத்த பிலாத்தில் 1935இல் பிறந்தவர் மணவை முஸ்தபா. 1967இல் தொடங்கிய 'யுனெஸ்கோ கூரியர்' தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக நீண்டகாலம் பணியாற்றிய அவர், உலகின் அறிவியல் கட்டுரைகளைத் திங்கள்தோறும் தமிழில் தந்தார். அறிவியல், மருத்துவம், கணினி ஆகிய துறைகளுக்குக் கலைச்சொல் அகராதிகள் தொகுத்தார். 2017இல் அவர் மறைந்தார். தமிழால் முடியுமா என்ற வினாவுக்கு வாதத்தால் விடை கூறாமல், பக்கம் பக்கமாக எழுதி விடை கூறியவர் அவர். அவர் பிறந்த மண்ணில் நாம் கூடிக் கவிதை படிக்கிறோம்.

நிறைவுரை

யாழ்ப்பாணத்து மாணவி 'சேதன இரசாயனத் தாக்கம்' என்று படிப்பதை, வடமதுரை மாணவி 'கரிம வேதிவினை' என்று படிக்கிறாள். ஒருத்தியின் நூல் மற்றவளுக்கு எளிதில் விளங்காது. ஒரே மொழி, ஒரே அறிவியல்; நடுவே இரண்டு சொற்சுவர்கள். இதனினும் பெரிய கேடு, நம் சிற்றூர்ப் பிள்ளைகள் இச்சொற்களைப் பொருளறியாது மனப்பாடம் செய்வது. 'உள்ளுறை' என்பதன் சுவையை யாரும் எடுத்துரைக்காவிடில், அதுவும் அவர்களுக்கு அயல்மொழிச் சொல்லே. பிறகு தமிழில் அறிவியல் கடினம் என்ற பழி மொழியின்மேல் விழுகிறது.

அகராதி சொல்லைப் பிறப்பிக்கலாம். வழக்கே அதனை வளர்க்கும். கவிஞர் தம் பாட்டிலும் உரையிலும் இச்சொற்களை எடுத்தாள வேண்டும். ஆற்றல், உள்ளுறை, வினை ஆகியவை முன்னரே நம்முடையவை. அறிவியலுக்கு இரவல் தந்திருக்கிறோம். வேதியியல் பட்டறிவு உடையோரும் நம் வட்டத்தில் உள்ளனர். அடுத்த பத்தாண்டில், திங்களுக்கு ஒருமுறையேனும் ஓர் அறிவியற் பொருள் பற்றிய தமிழ் உரை நம் கூட்டங்களில் நிகழ்தல் வேண்டும்; பள்ளி மாணவரையும் அதற்கு அழைத்தல் வேண்டும். விபுலானந்தரும் தூரனும் தொடங்கிய பணி எஞ்சியிருக்கிறது. அதனை மேற்கொள்வது நம் வட்டத்துக்குப் பெருமை சேர்க்கும்.