சேவல் கொண்டையும் அம்மாவின் முழங்காலும்

இந்த வாரக் கதை எங்க வீட்டிலிருந்தே ஆரம்பிக்குது.

அம்மாவுக்கு 62 வயசு. ரெண்டு வருஷமா மாடிப்படி ஏறினா வலி. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், முழங்கால் தேய்மானம், மூட்டுக்குள்ள ஜெல் ஊசி போட்டுப் பார்க்கலாம்னு சொன்னார். கூடவே ஒரு கேள்வி: "கோழி, முட்டை ஏதாவது அலர்ஜி இருக்காம்மா?" அம்மா பதறிப்போய், "நாங்க சுத்த சைவம் டாக்டர்" என்றாள்.

முழங்காலுக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம்? அதைத் தேடிப் போனேன்.

மூட்டு ஊசியைப் பிரபலமாக்கியது ஸ்டீராய்டுதான். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் நடமாட முடியாமல் தவித்த ஒரு பெண்ணுக்கு பிலிப் ஹென்ச் குழுவினர் ஒரு புது மருந்தை ஊசி வழியாகக் கொடுத்தார்கள். சில நாட்களிலேயே அவர் நடந்தார். அதுதான் கார்டிசோன். 1950-இல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனா தொடர்ந்து எடுத்தவங்களுக்கு முகம் வீங்குறது, எலும்பு பலவீனமாகுறதுன்னு பிரச்சினைகள் வரிசையா வந்தன. உடம்பு முழுக்க எதுக்கு, வலிக்கிற மூட்டுக்குள்ள மட்டும் போட்டா என்ன? பிலடெல்ஃபியாவில் ஜோசப் ஹாலண்டர் அதைத்தான் செய்தார். 1951-இல் வெளியான அவருடைய முடிவு: மூட்டுக்குள் கார்டிசோன் பெரிதாக வேலை செய்யவில்லை, ஹைட்ரோகார்டிசோன் வேலை செய்தது. கார்டிசோனை உடம்பு, முக்கியமா கல்லீரல், மாத்திக் கொடுத்தால்தான் அதுக்குச் சக்தி.

இப்போ கோழிக்கு வருவோம். 1934-இல் நியூயார்க்கில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணிலிருந்து ஒரு கொழகொழப்பான பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பெயர் ஹயலுரோனிக் அமிலம். நம்ம மூட்டுத் திரவம் வழவழன்னு இருக்கக் காரணம் இதுதான். தேய்மானம் வந்த மூட்டில் அது நீர்த்துப் போகிறது. சேவல் கொண்டையில் இந்தப் பொருள் ஏராளம். ஹங்கேரியில் பிறந்த எண்ட்ரே பாலாஸ் அதை அங்கிருந்து எடுத்து, வீக்கம் உண்டாக்காத அளவுக்குச் சுத்தப்படுத்தினார். முதலில் பயன் பெற்றவர்களில் பந்தயக் குதிரைகளும் உண்டு! அவற்றின் மூட்டில் போட்டுப் பார்த்த ஆய்வு 1970-இல் வெளியானது. பிறகு கண் அறுவை சிகிச்சைக்கும் போனது. 1997-இல் அமெரிக்கா முழங்காலுக்கு அனுமதித்தபோது மருந்தாக அல்ல, மருத்துவச் சாதனமாக அனுமதித்தது. வண்டிக்கு கிரீஸ் போடுற மாதிரின்னு வெச்சுக்கோங்க. இன்னிக்கு பாக்டீரியாவிலிருந்து தயாரிக்கிற வகைகளும் இருக்கு.

கேட்க ரொம்ப நல்லா இருக்கு இல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்தது, உப்புத் தண்ணி கதையில் நுழையும் வரை.

ஊசி வேலை செய்யுதான்னு பார்க்க, பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீர் போடுவாங்க. யாருக்கு எதுன்னு சொல்ல மாட்டாங்க. ஜெல் ஊசி பற்றிய 169 ஆய்வுகளைத் திரட்டி 2022-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. போலி ஊசியைவிட வலி குறைந்தது, ஆனால் நோயாளி உணர்ந்து சொல்லும் அளவுக்கு இல்லை. நம்ம ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் போடும் பி.ஆர்.பி. ஊசியை ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்த முடிவு 2021-இல் வெளியானது. ஒரு வருடம் கழித்து, உப்பு நீரோடு ஒப்பிட்டால் வலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஸ்டீராய்டு? 2017-இல் வெளியான பாஸ்டன் ஆய்வில் 140 பேர், 12 வாரத்துக்கு ஒரு ஊசி, இரண்டு வருடம். வலியில் வித்தியாசம் இல்லை, குருத்தெலும்பு மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. நியாயமா ஒண்ணு சொல்லணும்: அந்த ஆய்வில் வலியை மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் அளந்தாங்க. நடுவுல சில வாரம் கிடைக்கிற நிம்மதி அதில் சிக்காது.

உப்பு நீர் போட்டவங்களுக்கும் வலி குறையுதுங்கறதுதான் என்னை உட்கார வெச்சுது. நம்பிக்கை ஒரு காரணம். இன்னொண்ணு, தேய்மான வலி ஏறும், இறங்கும். உச்சத்துல இருக்கும்போதுதான் நாம டாக்டர்கிட்ட ஓடுறோம்.

அம்மாவிடம் எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்போ எனக்கு உப்புத் தண்ணியே போடச் சொல்லேன்டி, அது சைவம்தானே?" என்றாள். இப்போதைக்கு பிசியோதெரபிக்குப் போறா. தொடைத் தசைக்கான பயிற்சி, காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அடுத்த விசிட்டுக்குக் கேள்விகளை பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதி வெச்சிருக்கா.